கண்ணர்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

உங்கள் எழுத்துகளைப் பல வருடங்களாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. பெயர் போடாமல் வெளியிட்டால் நல்லது. காரணம் கடிதத்திலேயே இருக்கிறது.

என் அம்மப்பா 2011இல், தன் 89ஆவது வயதில் காலமானார். யாழ்ப்பாணத்தில் உரும்பிராயில் தோட்டம் செய்தவர். நான் அவர் மடியில் வளர்ந்த பிள்ளை. போன மாதம் எங்கள் பழைய குசினியை இடித்தோம். அடுப்படியை உடைத்தபோது கீழே ஒரு பால்மா ரின் புதைந்திருந்தது. ரின் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. உள்ளே பொலித்தீனால் பல சுற்றுச் சுற்றியபடி ஒரு படமும் இரண்டு பதக்கங்களும் இருந்தன. படத்தில் அம்மப்பா, இருபது வயதுப் பொடியனாக. காக்கிச் சட்டை, காக்கிக் கால்சட்டை, முழங்கால் வரை மேஸ். படத்தின் பின்னால் பென்சிலால் ‘திருகோணமலை 1943’ என்று எழுதியிருக்கிறது. பதக்கங்களின் ஒரு பக்கம் ராசாவின் தலை. மறுபக்கம், ஒன்றில் இரண்டு தலை மிருகம் ஒன்றின் மேல் சிங்கம் நிற்கிறது. மற்றதில் ஒரு சின்ன மரத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு சிங்கங்கள்.

மாமாவைக் கேட்டேன். “வெள்ளைக்காரன்ர ஆமியில கொஞ்சக் காலம் இருந்தவர். இப்ப ஏன் அதைக் கிளறுறாய்?” என்றார். அந்தச் சிங்கத்தை ஒருவருக்கும் காட்ட வேண்டாம் என்றும் சொன்னார். 31ஆம் நாள் நினைவுப் புத்தகமாக வெளியிட்ட கல்வெட்டை எடுத்துப் பார்த்தேன். ‘சில காலம் அரச சேவையில் கடமையாற்றி, பின்னர் தோட்டச் செய்கையில் ஈடுபட்டு’ என்று ஒரு வரி. அவ்வளவுதான். எழுதுவித்தது மாமா. எனக்குக் கோபம் வந்தது. அம்மம்மா உயிரோடு இல்லை, கேட்பதற்கு.

ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சாளின் மகளுக்கு ஒன்பது வயது. நொவெம்பர் 11, போர் நினைவு நாளுக்குப் பள்ளிக்கூடத்தில், குடும்பத்தில் யாராவது போருக்குப் போயிருந்தால் படம் கொண்டுவரச் சொன்னார்களாம். எங்களிடம் அப்படி யாரும் இல்லை என்று மச்சாள் சொல்லி அனுப்பிவிட்டாள்.

எனக்குத் தெரிந்த அம்மப்பா இவ்வளவுதான். அவருக்கு இடது காது கேட்காது. ஷெல்லடி நேரம் பங்கருக்குள் எங்களை வாயைத் திறந்து வைத்திருக்கச் சொல்வார். “கோணேசர் காலடியில காவல் இருந்தனான்” என்பார். யாத்திரை போனதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தோம். ஊரில் எல்லோரும் அவரைக் கண்ணர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய பெயரில் கண்ணன் கிடையாது, எங்கள் குலதெய்வம் பிள்ளையார். ஏன் அந்தப் பெயர் என்று ஒருவருக்கும் தெரியாது. கல்வெட்டில் பேரப்பிள்ளைகள் புலம்பலில்கூட ‘கண்ணர் என ஊரவர் கனிவோடு அழைத்தவரே’ என்று வரும்.

அம்மப்பா செய்தது பிழையா ஐயா? அவரைப் பற்றி எழுத நினைக்கிறேன். எப்படி எழுதுவது?

அன்புடன்,
உரும்பிராயிலிருந்து ஒரு பேரன்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் முற்றத்தில் நடந்தேன். பதக்கங்களைப் பற்றியும் சொல்கிறேன், மாமாவைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்தப் பெயரைப் பற்றி முதலில் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

கண்ணர் என்பதற்கும் கண்ணனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அது ‘கன்னர்’. ஆங்கிலப் படைகளில் காலாட்படையின் ஆகக் கீழ்ப்படிச் சிப்பாயை ‘பிரைவேட்’ என்பார்கள். பீரங்கிப் படையில் அதே படியில் இருப்பவரைக் ‘கன்னர்’ என்பார்கள். பீரங்கிக்காரன் என்று பொருள். லீவில் வந்த பொடியன் ஊர்ப் படலையில் நின்று “நான் கன்னர்” என்று சொல்லியிருப்பார். எங்கள் ஊர்களில் கந்தையாவைக் கந்தையர் என்போம், பொன்னனைப் பொன்னர் என்போம், வேலனை வேலர் என்போம். அந்தக் காதுக்குக் கன்னர் என்பது கண்ணராகக் கேட்டதில் என்ன ஆச்சரியம்? ஊர் அவருடைய படைப்பதவியை மரியாதைப் பெயராக மாற்றி, எழுபது வருடம் அதைச் சொல்லியே அவரைக் கூப்பிட்டிருக்கிறது. கல்வெட்டிலிருந்து ஆமியை எடுத்துவிட்டதாக உங்கள் மாமா நினைத்துக்கொண்டிருக்கிறார். பேரப்பிள்ளைகளின் புலம்பலில் நீங்கள் எல்லோரும் சேர்ந்து அதை அச்சடித்தே கொடுத்திருக்கிறீர்கள்.

எனக்கு இதில் சந்தேகம் இல்லை. கேட்காத காது, திறந்த வாய், திருகோணமலை, கோணேசர் காலடி எல்லாம் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. கோணேசர் இருக்கும் சுவாமிமலை பிரெட்ரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அந்தக் கோட்டை வெள்ளைக்காரர் காலத்தில் படைமுகாம். இன்று நாங்கள் கும்பிடும் கோயில் 1963இல் கும்பாபிஷேகம் கண்டது. 1943இல் அங்கே இப்படியொரு கோபுரமோ மண்டபமோ இல்லை. போர்த்துக்கேயர் இடித்துப்போட்ட இடத்தில், மலை உச்சியில் நின்று கடலைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அம்மப்பா காவல் இருந்தேன் என்று சொன்னதை நீங்கள் பக்தியாக எடுத்துக்கொண்டீர்கள். அவர் கடமையைச் சொன்னார். இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம். பிள்ளையாரைக் கும்பிடும் வீட்டுப் பொடியன், கையில் துவக்கோடு, கோயில் இல்லாத கோணேசர் மலையில் இராக்காவல் நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்தக் காலத்தில் இலங்கையில் கரையோரப் பீரங்கிகளைக் காத்தது இலங்கைக் காவற் பீரங்கிப் படை. 1888இல் தொண்டர் படையாகத் தொடங்கியது. உலகப் போரில் கொழும்பிலும் திருகோணமலையிலும் துறைமுகங்களைக் காத்தது. இந்து சமுத்திரத்தில் கொக்கோஸ் தீவு வரைக்கும் அதன் ஆட்கள் அனுப்பப்பட்டார்கள். வெள்ளைக்காரனுடைய ஆமி என்று மாமா சொல்கிறார், உண்மைதான். ஆனால் அதற்குள் இருந்த எல்லோரும் வெள்ளைக்காரனுக்குத் தலையாட்டியவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1942 மே மாதம் அதே படையைச் சேர்ந்த இலங்கைச் சிப்பாய்கள் சிலர் கொக்கோஸில் தங்கள் வெள்ளை அதிகாரிக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். அது தோற்றது. ஓகஸ்டில் மூன்று பேரை வெலிக்கடையில் தூக்கிலிட்டார்கள்.

ஏன் சேர்ந்தார் என்று நீங்கள் கேட்கவில்லை. பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குப் பதில் தேடினால் இரண்டாவது தானாகவே சின்னதாகிவிடும்.

அவர் பிறந்தது 1922 என்றால் 1942இல் அவருக்கு இருபது வயது. அந்த வருடம் யாழ்ப்பாணத்துக்கு எப்படி விடிந்தது என்று பாருங்கள். பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. இந்தத் தீவு தின்ற அரிசியில் பெரும் பங்கு பர்மாவிலிருந்து வந்தது, அது நின்றது. மலாயாவில் றெயில்வேயிலும் ஆஸ்பத்திரிகளிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்தவர்களின் மணியோடரில் அடுப்பெரித்த வீடுகள் வலிகாமம் முழுக்க இருந்தன. மணியோடரும் நின்றது, கடிதமும் நின்றது. மகன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் மூன்றரை வருடம் இருந்த தாய்மார் எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு பேர். தோட்டக்காணியைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்ட வீடுகளில், இளந்தாரிப் பொடியனுக்கு மாதச் சம்பளமும் மூன்று நேரச் சாப்பாடும் என்றால் அது பெரிய விசயம். இராசாவுக்காகச் சேர்ந்தவர்களும் இருந்திருப்பார்கள். பெரும்பாலானோர் வீட்டுக்காகச் சேர்ந்தார்கள் என்பதுதான் நான் வயதானவர்களிடம் கேட்டு அறிந்தது.

ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9 திருகோணமலை. துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு விழுந்தது. ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மேலேயே வந்து விழுந்தது. ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தார்கள். 300க்கும் மேற்பட்டவர்கள் அதோடு போனார்கள். இதையெல்லாம் எழுத உங்களுக்கு ஆசை வரும். அம்மப்பா அன்று பீரங்கியடியில் நின்றார் என்று எழுதக் கை துடிக்கும். எழுதாதீர்கள் தம்பி. படத்தின் பின்னால் 1943 என்றுதான் இருக்கிறது. 1943இல் திருகோணமலையில் இருந்தார் என்று எழுதுங்கள். ஒரு வருடத்துக்கு முதல் குண்டு விழுந்த துறைமுகத்தில், அடுத்தது எப்போது வரும் என்று கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று எழுதினால் அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. காத்துக்கொண்டு நிற்பதுதான் அந்தப் படையின் வேலை. அவருடைய காது எங்கே போனது என்பதையும் துணிந்து சொல்லலாம். ஒத்திகைக்குச் சுட்டாலும் பீரங்கி பீரங்கிதான்.

இனி அந்தப் பங்கருக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு ஆகப் பெரிய விசயம் அதுதான். நீங்கள் அதை ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள்.

வாயைத் திறந்து வைத்திருப்பது பீரங்கிக்காரர்களின் பழைய பாடம். வெடி அதிரும்போது காற்று வெளிப்பக்கத்தால் மட்டும் செவிப்பறையில் அறையும். வாய் திறந்திருந்தால் தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் குழாய் வழியாக உள்ளேயும் அமுக்கம் போய் ஓரளவுக்குச் சமப்படும், செவிப்பறை கிழியாது என்பது கணக்கு. 1943இல் ஏதோ ஒரு சார்ஜன்ட் கத்திச் சொல்லிக் கொடுத்த பாடம். அதை ஏறத்தாழ ஐம்பது வருடம் கழித்து உரும்பிராய்ச் செம்மண்ணுக்குள் குந்தியிருந்து பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார். தன்னுடைய ஒரு காது போனபிறகு உங்களுடைய காதுகளைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார். உங்களுக்கு இன்று இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறதுதானே?

உங்கள் வளவுப் பங்கர் எப்படி இருந்தது என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். வாசல் நேரே உள்ளே போனதா, அல்லது ‘ட’ மாதிரி ஒரு வளைவு எடுத்ததா? மேலே பனங்குற்றி எத்தனை வரிசை? அதற்கு மேல் மண்மூட்டையா, வெறும் மண்ணா? வளைவு இருந்தால் வெளியே வெடிக்கும் ஷெல்லின் சிதறல் உள்ளே வராது. எங்களில் பலர் இதை ஆட்கள் செத்த பிறகுதான் கற்றோம். பங்கர் வெட்டத் தெரிந்த ஒரு மனிதர் 1990இல் அந்த ஊரில் இருந்தார் என்றால், பக்கத்து வளவுகளுக்கும் அவர்தான் கோடு கீறிக் கொடுத்திருப்பார் என்று என் மனம் சொல்கிறது. விசாரியுங்கள். மண்வெட்டி பிடித்தது யார்? அவருக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. அந்த வயதில் சுண்ணாம்புக்கல் வரைக்கும் தனியே வெட்டியிருக்க மாட்டார். மாமா அப்போது நல்ல உழைப்பாளி வயதில் இருந்திருப்பார். மாமாதான் வெட்டியிருப்பார், தகப்பன் பக்கத்தில் நின்று அளவு சொல்லியிருப்பார்.

ஆகவே மாமாவோடு கோபிக்க வேண்டாம். இதை உங்களுக்கு ஆறுதல் சொல்வதற்காக எழுதவில்லை. என் சொந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நான் இளவயதில் எங்கள் ஊரில் நிறையக் கல்வெட்டுகள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆசிரியர் வீட்டுப் பிள்ளை, தமிழ் வரும், காசு கேட்க மாட்டான் என்று செத்தவீடு முடிந்த மூன்றாம் நாளே ஆள் வந்துவிடும். வரலாறு, திதி வெண்பா, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், நன்றி நவிலல் என்று எல்லாவற்றையும் இரண்டு மூன்று இரவில் எழுதி அச்சகத்துக்குக் கொடுத்துவிடுவேன். 1986இல் ஒரு பெரியவர் தவறினார். இலங்கைப் படை 1949இல் தொடங்கிய காலத்திலேயே சேர்ந்து, பனாகொடைப் படைமுகாமில் இருந்து, சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு மனம் விட்டு விலகி ஊருக்கு வந்தவர். மகன் என்னிடம், “அண்ணை, அதைப் போட வேண்டாம், நாங்கள் இங்கதான் இருக்க வேணும்” என்றான். நான் ‘அரச சேவையில் சில காலம் கடமையாற்றி’ என்று எழுதினேன். உங்கள் கல்வெட்டில் இருக்கும் அதே வரி. எழுதியதை அச்சுக்குக் கொடுக்க முதல் அந்த அம்மாவுக்குத் திண்ணையில் வைத்து வாசித்துக் காட்டினேன். அவ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அவர் பனாகொடையில இருந்தது வரேல்லையே தம்பி?” என்று கேட்டா. மகன் என்னைப் பார்த்தான். நான், “இடம் போதாது அம்மா” என்றேன். சரி என்று தலையாட்டினா. அதற்குப் பிறகு அவ என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வரியை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. ஆனால் அந்த மகன் செய்தது பிழை என்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் அந்தச் சொல் எங்கள் கண்முன்னாலேயே மாறியது. உங்கள் அம்மப்பா காலத்தில் ஆமி என்றால் சம்பளம், சப்பாத்து, லீவில் வரும் பொடியன். 1955இல் இலங்கைப் படைக்கு முதல் இலங்கைத் தளபதியாக வந்தவர் அன்ரன் முத்துக்குமாரு என்ற தமிழர். முப்பது வருடம் கழித்து அதே சொல்லைக் கேட்டால் ஊர் வேலி பாய்ந்து ஓடியது. வீட்டுச் சுவரில் சீருடைப் படம் ஒன்று தொங்கினால், தேடுதலுக்கு வருகிறவன், பயிற்சி எடுத்த ஆளா என்று கேட்பான். இரவில் வருகிறவர்கள், உங்களுக்கும் ஆமிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பார்கள். இரண்டு கேள்விக்கும் ஒரு கிழவர் 1943 என்று பதில் சொல்லி முடிப்பதற்குள் என்னவும் நடந்திருக்கலாம். அதிலும் அந்தப் பதக்கத்தில் சிங்கம். அது பிரித்தானியச் சிங்கம். ஒன்று 1939 முதல் 1945 வரையான போரில் சேவை செய்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுத்த போர்ப் பதக்கம், இரண்டு தலை மிருகம் தோற்ற எதிரி. மற்றது பாதுகாப்புப் பதக்கம். இலங்கைக் கொடிச் சிங்கத்தோடு அதற்கு உறவே இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்காரர் சிங்கத்தைக் கண்டு பயந்தார் என்றால் அந்தப் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். மாமாவிடம் இதைச் சொல்லுங்கள். இவ்வளவு காலமும் அவர் மனத்தில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கலாம்.

அந்த ரின்னை அடுப்படியில் புதைத்தது அம்மம்மாவாகத்தான் இருக்கும். அவ அதை எறிந்திருக்கலாம். கிணற்றில் போட்டிருக்கலாம். படத்தை அடுப்பில் வைத்திருந்தால் இரண்டு நிமிட வேலை. அடுப்புக்குள் போடாமல் அடுப்புக்குக் கீழே வைத்தா. அங்கே யாரும் கிண்ட மாட்டார்கள் என்று அவவுக்குத் தெரிந்திருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு ஊரே இடம்பெயர்ந்து செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தைத் தாண்டியபோது நீங்களும் மழைக்குள் நடந்திருப்பீர்கள். அம்மம்மா கையில் என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அந்த ரின் இல்லை. திரும்பி வருவோம் என்று நம்பி விட்டுவிட்டுப் போயிருக்கிறா. வந்த பிறகும் எடுக்கவில்லை. அதன் மேலேயே உங்களுக்குச் சோறு சமைத்திருக்கிறா.

அப்படியென்றால் இப்போது எழுதத்தான் வேண்டுமா? வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். இன்னொரு விசயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நொவெம்பர் எங்கள் ஊரில் வேறு விளக்குகளின், மாவீரர் விளக்குகளின் மாதம். பிள்ளைகளைக் கொடுத்த தாய்மார் இருக்கும் ஒழுங்கையில், பிரித்தானியச் சீருடை போட்ட ஒருவரின் படத்துக்கு மாலை போட்டால் யாராவது ஒரு மாதிரிப் பார்ப்பார்களோ என்று உங்களுக்குத் தயக்கம் இருக்கும். அந்தத் தயக்கம் நல்லது, அது இருக்கட்டும். அதற்காக உங்கள் அம்மப்பாவின் நான்கைந்து வருட வாழ்க்கையை இல்லாமல் ஆக்க முடியாது. எங்கள் அப்பப்பாவின் தம்பி ஒருவர் மலாயாவில் நேதாஜியின் படையில் இருந்தார். அதே வருடங்களில் உங்கள் அம்மப்பா இந்தப் பக்கம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்கள் இரண்டு பேரும் பிறகு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வெங்காயம் விற்றிருக்கக்கூடும். யாழ்ப்பாணம் அப்படித்தான் இருந்தது, அதை எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

எப்படி எழுதுவது என்று கேட்டீர்கள். ‘அன்பும் பண்பும் நிறைந்தவர், விருந்தோம்பலில் சிறந்தவர்’ என்று நான் எழுதிய நூறு கல்வெட்டுகளிலும் இருக்கிறது. ஆட்களின் பெயரை மாற்றிப் போட்டால் எல்லோருக்கும் பொருந்தும். உங்கள் அம்மப்பாவுக்கு மட்டும் பொருந்துவதை எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழும்புவார்? முகம் வழிக்க என்ன வைத்திருந்தார்? போர்வையை எப்படி மடிப்பார்? படையில் இருந்த பலர் எழுபது வயதிலும் விளிம்போடு விளிம்பு சேர்த்துத்தான் மடிப்பார்கள். எந்தக் காதுப் பக்கம் நின்று அவரோடு பேசுவீர்கள்? தோட்டத்துக்குத் தண்ணீர் மாறும்போது என்ன பாட்டு? அம்மாவைக் கேளுங்கள், சந்தையில் அவரோடு நின்றவர்கள் யாராவது இருந்தால் கேளுங்கள். வரலாறு என்ற பகுதியில் வரி இப்படி வந்தால் போதும்: ‘1922இல் உரும்பிராயில் பிறந்த இவர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பீரங்கிப் படையில் சிப்பாயாகச் சேர்ந்து 1943இல் திருகோணமலையில் கடமையாற்றினார். கன்னர் என்ற அப்பதவியே ஊரவர் வாயில் கண்ணர் ஆயிற்று. ஊர் திரும்பித் தோட்டம் செய்தார். பின்னாளில் ஷெல்லடிக் காலத்தில் தன் வளவில் பங்கர் அமைத்துப் பேரப்பிள்ளைகளைக் காத்தார்.’ வீரர், தியாகி என்ற சொற்களை அவர் கேட்டதும் இல்லை, அவருக்கு அவை தேவையும் இல்லை.

அடுத்த திவசத்துக்கு எட்டுப் பக்கத்தில் ஒரு சின்னப் பிரசுரமாக அடியுங்கள். ஒரு பிரதியை ‘நூலகம்’ என்ற இணைய நூலகத்துக்கு அனுப்புங்கள். எங்கள் ஊர்க் கல்வெட்டுகளை அவர்கள் சேர்த்து வைக்கிறார்கள். பழைய கல்வெட்டையும் கூடவே கொடுங்கள், அதை மறைக்க வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு, நடுவில் இருந்த காலம் விளங்கும். எழுதியதை அச்சுக்குக் கொடுக்க முதல் மாமாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் ஏதாவது வரேல்லையே என்று கேட்டால், இடம் போதாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அந்த ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் ஒரு விசயம் இருக்கிறது. அங்கே நொவெம்பர் 11இல் எல்லோரும் சிவப்புப் பொப்பிப் பூ குத்துவார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கையிலும் அன்று பொப்பிதான் விற்றார்கள். முதலாம் உலகப் போருக்குப் போய்வந்த இலங்கைச் சிப்பாய்கள் இங்கே வறுமையில் கிடக்க, பொப்பி விற்ற காசு இங்கிலாந்துக்குப் போகிறதே என்று 1930களின் தொடக்கத்தில் சிலருக்குக் கோபம் வந்தது. அதே நாளில், எங்கள் ஊர்ப் பூ ஒன்றை விற்று அந்தக் காசை எங்கள் ஆட்களுக்குக் கொடுப்போம் என்று தொடங்கினார்கள். பிறகு இடதுசாரி இளைஞர்கள் அதை ஏகாதிபத்தியத்துக்கு எதிரான இயக்கமாகவே நடத்தினார்கள். சிங்களத்தில் அதற்குச் சூரிய மல் இயக்கம் என்று பெயர். சூரிய மல் என்றால் என்ன பூ தெரியுமா? எங்கள் பூவரசம்பூ. கதியாலாக நட்டு வேலி கட்டுவோமே, இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவோமே, அதே பூவரசு.

மதில் கட்டாத பக்கம் உங்கள் வளவிலும் ஒன்றிரண்டு நிற்கும் என்று நினைக்கிறேன். அம்மப்பாவின் படத்தோடு ஒரு பூவை வைத்துப் படம் பிடித்து மச்சாளுக்கு அனுப்புங்கள். காலையிலேயே பிடியுங்கள். அப்போதுதான் மஞ்சளாக இருக்கும், பின்னேரம் சிவந்துவிடும்.

பங்கர் வாசல் வளைந்ததா, நேரா என்று மாமாவிடம் கேட்டு எனக்கு எழுத வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்